கேள்வி கேட்காத சாவி

எங்கள் வீட்டில் பர்மனென்ட் என் மனைவி, நான் கான்ட்ராக்ட். நெய்வேலி டவுன்ஷிப்பில் இதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். அவளுக்குச் சுரங்கக் கம்பெனியில் வேலை, குவார்ட்டர்ஸ் அவள் பெயரில். குவார்ட்டர்ஸ் வாசலில் நிற்கும் மாமரமும் அவள் பெயரில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவ அட்டையில் அவளைச் சார்ந்து வாழ்வோர் என்ற தலைப்புக்குக் கீழே, மொட்டையடிக்கத் தூக்கிவந்த குழந்தை மாதிரி முழித்துக்கொண்டு நான் இருக்கிறேன். அவள் ஜெனரல் ஷிஃப்ட். காலையில் போனால் சாயங்காலம் வந்துவிடுவாள். எந்த ஷிஃப்டிலும் இல்லாத நான், மூன்று ஷிஃப்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரணம் ஒரு பாஸ்வேர்ட்.

மந்தாரக்குப்பத்தில் கீழே டயர்க் கடை, மேலே எங்கள் ஆபீஸ். முதலாளி பக்கத்து ஊரான வடக்குத்துக்காரர், முந்திரித் தோப்பு வைத்திருக்கும் விவசாயக் குடும்பம். தோப்பு ஓரமாகச் சாலையைத் தொட்டுக்கொண்டிருந்த நிலங்களில் மூன்று எடைமேடைகள் போட்டிருந்தார். அனல்மின் நிலையத்துச் சாம்பலை ஏற்றிக்கொண்டு செங்கல் பட்டறைகளுக்குப் போகும் லாரிகள் அதில் ஏறி நின்று எடை பார்த்துச் சீட்டு வாங்கிக்கொண்டு போகும். ஒவ்வொரு மேடையின் பக்கத்திலும் ஒரு தகரக் கொட்டகை, கொட்டகைக்குள் ஒரு சின்ன கம்ப்யூட்டர், அதன் மேல் எப்போதும் ஒரு விரல் கனத்துக்குச் சாம்பல். இந்த மூன்றையும் ஆபீஸ் கம்ப்யூட்டரையும் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆபீஸில் என் பெயர் கம்ப்யூட்டர் சார்.

ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் மூன்று மேடைகளின் சீட்டுகளும் ஆபீஸுக்கு வந்து சேர வேண்டும். எந்த லாரி எத்தனை நடை அடித்தது என்று தெரிந்தால்தான் அடுத்த ஷிஃப்டுக்கு டோக்கன். வரவில்லை என்றால் லாரிகள் மெயின் ரோடு வரைக்கும் வரிசை கட்டி நின்று ஹார்ன் அடிக்கும். அந்த ஹார்ன் அத்தனையும் முதலாளியின் வழியாக என் காதுக்கு வரும். சீட்டுகளை எடுக்க, ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒவ்வொரு மேடையின் கதவையும் தட்ட வேண்டும். "யாரது, பாஸ்வேர்ட் சொல்லு" என்று அது கேட்கும். நான் அடிப்பேன். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து. ஞாயிறும் உண்டு, பொங்கலும் உண்டு, கிறிஸ்துமஸும் உண்டு. கிறிஸ்துமஸ் காலையில் மாதா கோவிலில் எல்லோரும் ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்க, நான் டயர்க் கடைக்கு மேலே உட்கார்ந்து மூன்று எந்திரங்களுக்கு வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

"அந்தப் பாஸ்வேர்டை இன்னொருத்தர்கிட்ட சொன்னாதான் என்ன?" என்று மனைவி கேட்பாள்.

"செக்யூரிட்டி," என்பேன், குரலைத் தாழ்த்தி.

செக்யூரிட்டியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஊர் முழுக்கப் பர்மனென்ட்காரர்கள் நடுவில், நான் வராவிட்டால் லாரி நகராது என்பது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

இந்தப் பெருமைக்கு ஆப்பு வைத்தவள் என் தங்கை.

தங்கையைக் கட்டிக்கொடுத்திருப்பது மேல்பட்டாம்பாக்கத்தில். அவளுடைய மூத்த பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமன் நான் ஒருவன்தான். சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன். மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள், ஃபாதர் வந்தார், தட்டு மாற்றப்போகிறார்கள், "தாய்மாமன் எங்கப்பா, முன்னாடி வரச் சொல்லு" என்கிறார்கள். தாய்மாமன் அப்போது மொபெட்டில் பண்ருட்டி தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். மணி இரண்டு ஆகப்போகிறதே! என் இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைப் பிடித்து உட்காரவைத்தார்களாம். அவர் விருந்துக்கு வாழை இலை கொண்டுவந்து கொடுக்க வந்தவராம்.

அன்று சாயங்காலமே தங்கையிடமிருந்து போன்.

"அண்ணே, கல்யாணத்துக்கு நீ வர வேணாம்ணே. அந்தப் பொட்டிய அனுப்பு."

"எந்தப் பெட்டிடி?"

"அதான், நீ குடும்பம் நடத்திகினு இருக்கியே, அந்தக் கம்ப்யூட்டர் பொட்டி. அதுக்கு வேட்டி கட்டி, மாலையப் போட்டு, மாமன்னு மேடையில ஒக்கார வச்சிக்கிறேன். பொண்ணு கையப் புடிச்சி அது கூட்டியாரட்டும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் போனை வைப்பதற்கு முன்னால், "மெய்யாலும் சொல்றேன்ணே, இந்த வாட்டி நீ இல்லன்னா என் வூட்டு வாசப்படி ஏறாத" என்றாள். அதைச் சிரிக்காமல் சொன்னாள்.

கல்யாணப் பத்திரிகை வந்தது. காலையில் கோவில், மதியம் மண்டபம். மண்டப வாசலில் தாய்மாமன் பெண்ணுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப் போக வேண்டும். எங்கள் பக்கத்துக் கல்யாணங்கள் எந்த வேகத்தில் நடக்கும் என்று எனக்குத் தெரியும். பூசை முடிந்து, பாண்டு வாத்தியத்தோடு ஊரைச் சுற்றி, மண்டபத்துக்கு வந்து சேரும்போது மணி சரியாக இரண்டு இருக்கும். வேறு எப்போது இருக்கும்?

ஆக, என் பாஸ்வேர்டை நான் ஒழித்தாக வேண்டும். அல்லது தங்கை என்னை ஒழித்துவிடுவாள்.

இதற்கு வழி ஒன்று உண்டென்று எனக்கு முன்பே தெரியும். எஸ்.எஸ்.எச். சாவி. கம்ப்யூட்டரிடம் கேட்டால் அதுவே ஒரு சாவியையும் அந்தச் சாவிக்கு மட்டும் திறக்கும் ஒரு பூட்டையும் செய்து கொடுக்கும். சாவியை நாம் வைத்துக்கொண்டு, பூட்டைக் கொண்டுபோய் எதிர்ப்பக்க எந்திரத்தில் மாட்டிவிட்டால், அப்புறம் பாஸ்வேர்ட் கேட்காது. முன்பே தெரிந்ததை ஏன் முன்பே செய்யவில்லை என்று கேட்காதீர்கள். லாரி நகராத விஷயத்தைத்தான் சொன்னேனே.

சாவி செய்வது, பூட்டை மூன்று மேடைகளிலும் மாட்டுவது, ஷிஃப்ட் முடியும்போது தானாகப் போய்ச் சீட்டுகளை எடுத்துவருவது, எல்லாவற்றுக்கும் வரிசையாகக் கட்டளைகள் எழுதினேன். ஸ்கிரிப்ட் என்பார்கள். அதை ஓடவிட்டு, மனிதன் வேலை ஒழிந்தது என்று கீழே இறங்கி டீ குடிக்கப் போனேன். திரும்பிவந்து பார்த்தால், விட்ட இடத்திலேயே நிற்கிறது. சாவி செய்யும்போது அது ஒரு கேள்வி கேட்கும் என்பதை மறந்திருந்தேன்: இந்தச் சாவிக்கு ஒரு ரகசிய வாக்கியம் வைக்கிறாயா? வைத்தால், சாவியை எடுக்கிற ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்ல வேண்டும். சாவி திருடுபோனாலும் திருடனுக்கு உதவாது. நல்ல ஏற்பாடுதான் என்று பொறுப்பாக ஒரு வாக்கியத்தையும் வைத்தேன். மதியம் இரண்டு மணி ஆனது. ஸ்கிரிப்ட் கம்பீரமாகக் கிளம்பியது. முதல் மேடை வாசலில் போய் நின்றது. "ரகசிய வாக்கியம் சொல்லு" என்று என் பக்கம் திரும்பிப் பார்த்தது.

பாஸ்வேர்டைத் துரத்திவிட்டு, அதன் தம்பியைக் கூட்டிவந்து அதே நாற்காலியில் உட்காரவைத்திருந்தேன்.

ஆள் இல்லாமல் ஓட வேண்டிய வேலைக்கு, கேள்வி கேட்காத சாவிதான் சரி. அதைச் செய்ய, ரகசிய வாக்கியம் வர வேண்டிய இடத்தில் இரட்டை மேற்கோள் குறி ஒன்றைப் போட்டு, உள்ளே ஒன்றும் வைக்காமல், உடனே இன்னொன்றைப் போட்டு மூடிவிட வேண்டும். மொய்க் கவருக்குள் ஒன்றும் வைக்காமல் ஒட்டி, சிரித்த முகத்தோடு நீட்டுவது மாதிரி. எந்திரம் அதை மரியாதையாக வாங்கிக்கொண்டு, வாயைத் திறக்காமல் சாவியைச் செய்து கொடுத்துவிட்டது.

முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை.

"இன்னாங்க சார் இது? பாஸ்வேர்டே இல்லாத சாவியா?"

"ஆமாங்க."

"அப்ப எவன் எடுத்தாலும் தொறந்துக்கும்?"

"தொறந்துக்கும்ங்க."

"இதுக்கா இம்மாம் நாளா மண்டைய ஒடைச்சிக்கினு இருந்தீங்க? கதவத் தொறந்தே போட்டுட்டுப் போயிருக்கலாமே!"

மனிதர் கேட்டதில் தப்பில்லை. அன்று வீட்டுக்குப் போகும்போது அதே யோசனை. எங்கள் ப்ளாக்கில் பாதி வீட்டுச் சாவிகள் மீட்டர் பெட்டிக்குள்தான் இருக்கும். புருஷன் ஒரு ஷிஃப்ட், பெண்டாட்டி ஒரு ஷிஃப்ட், பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் நேரம் வேறு. சாவியை யார் யாருக்காகக் காத்துக்கொண்டு நிற்பது? மீட்டர் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இது ப்ளாக்கில் எல்லோருக்கும் தெரியும், பால்காரருக்கும் தெரியும். அந்தச் சாவியும் வந்தவரிடம் நீ யார் என்று கேட்காது. அன்று நானும் மீட்டர் பெட்டியைத் திறந்து சாவியை எடுத்தேன். எடுத்த கையோடு நின்றேன். எங்கள் பெட்டியில் இருந்தது வராந்தா கிரில் சாவி மட்டும்தான். உள்கதவுச் சாவியை மனைவி கைப்பையிலேயே கொண்டுபோவாள். கிரில் சாவியை எவன் எடுத்தாலும் வராந்தாவில் உட்காரலாம், பானையில் தண்ணீர் குடிக்கலாம், கொசுக்கடி வாங்கலாம். அவ்வளவுதான். பர்மனென்ட்காரியின் மூளையே தனி.

மறுநாளே மூன்று மேடைகளிலும் பூட்டு மாட்டியிருந்த இடத்தில், பூட்டுக்கு முன்னால் ஒரு வரி சேர்த்தேன். இந்தச் சாவியோடு ஒருவன் வந்தால், இந்த ஷிஃப்டின் சீட்டுகளைக் கையில் கொடு, வேறு என்ன கேட்டாலும் கொடுக்காதே, கதவைச் சாத்து. அதுவும் ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து வந்தால் மட்டும். ஆக, சாவி கேள்வி கேட்காதுதான்; ஆனால் அது திறப்பது வராந்தாவை மட்டும். அந்தச் சாவிக் கோப்பையும் ஸ்கிரிப்டை ஓட்டும் யூசர் கணக்கு ஒன்றைத் தவிர வேறு யாரும் தொட முடியாதபடி வைத்தேன். எழுதிய கை சூட்டோடு இன்னும் சில வரிகளும் எழுதினேன், வெளியாட்களிடமிருந்து அல்ல, என்னிடமிருந்தே எந்திரத்தைக் காப்பாற்ற. என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா? அந்த வரிகளை எழுதியதும் மறந்துபோனேன். அதுவும் என்னைப் பற்றித் தெரிந்த விஷயம்தான்.

முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இப்ப நான் திருடன். சாவி என் கையில இருக்குது. உள்ள பூந்து நேத்து சீட்டு அத்தனையும் அழிக்கச் சொல்லுங்க, பாப்போம்."

அழிக்கச் சொல்லி அடித்தேன். மேடை அந்த ஷிஃப்டின் சீட்டுகளைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தியது.

"வேற எதுனா கேளுங்க."

கேட்டேன். மறுபடியும் அதே சீட்டுகள், அதே கதவு. முதலாளிக்கு உற்சாகம் வந்துவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார், மேடையை நிறுத்தச் சொன்னார், கடைசியில் தேதியை மாற்றச் சொன்னார். எதற்கும் அது மசியவில்லை.

"ஒங்க வூட்டம்மா மாதிரியே இருக்குது சார். கேட்டதக் குடுக்குது, மேல பேசினா கதவ சாத்திக்குது," என்று எழுந்துபோனார். இந்த யோசனை யாரிடமிருந்து வந்தது என்று அவருக்கு நான் சொல்லியிருக்கவே இல்லை.

அதற்கப்புறம் கல்யாணம் வரைக்கும் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் ஸ்கிரிப்ட் தானாக ஓடியது. நான் கையைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். ஆள் தேவையில்லாத வேலைக்கு ஆறு மணிக்கும் இரண்டு மணிக்கும் பத்து மணிக்கும் போய் ஆளில்லாமல் நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆள், தமிழ்நாட்டிலேயே நானாகத்தான் இருக்கும்.

கல்யாணக் காலை. வேனில் சொந்தக்காரர்கள், மாமன் சீர்த் தட்டுகள், மடியில் பூக்கூடையோடு மனைவி. "ஒரே நிமிஷம்" என்று மந்தாரக்குப்பத்தில் வேனை நிறுத்தி மாடிக்கு ஓடினேன். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்க்காமல் வெளியூர் போன சரித்திரம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. என் அப்பா பூட்டைப் பிடித்துத் தொங்குவார். தாழ்ப்பாள் கழன்று கையோடு வந்த கதையெல்லாம் உண்டு. நானும் கடைசியாக ஒரு தடவை இழுத்துப் பார்க்க வேண்டும். மூன்று கதவும் திறக்கிறதா என்று சோதிக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் தனியாக வைத்திருந்தேன்.

ஆபீஸில் கணக்கு எழுதும் பெண் மட்டும் இருந்தாள். வடக்குத்துப் பெண், அவளைத் தங்கச்சி என்று கூப்பிடுவது என் பழக்கம்.

"அண்ணே, இன்னைக்கிமா வந்தீங்க? போங்கண்ணே!"

"இதோ, ஒரு தட்டு."

கருப்புத் திரையில் மேல் அம்புக்குறியை அழுத்தினால், முன்பு அடித்த கட்டளைகள் ஒவ்வொன்றாகத் தானாக வந்து நிற்கும். மறுபடியும் அடிக்கத் தேவையில்லை. சோம்பேறிகளுக்கென்றே செய்த வசதி. சில தடவை அழுத்தினேன். கீழே வேன் ஹார்ன். கூடவே மனைவியின் குரல்: "வர்றீங்களா, இல்ல அந்தப் பெட்டிக்கே தாலி கட்டிட்டு வர்றீங்களா?" என்டரைத் தட்டினேன், மானிட்டரை அணைத்தேன், ஓடினேன்.

கோவிலில் ஃபாதர் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். கணவன் மனைவி ஒருவரை ஒருவர் நம்ப வேண்டும், அடிக்கடி சோதித்துப் பார்க்கக் கூடாது என்றார். நன்றாகத்தான் இருந்தது. நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான், மானிட்டரை அணைப்பதற்கு முன்னால் கண்ணில் பட்ட அந்த வரி, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, பீடத்துக்கு மேலே எனக்கு மட்டும் தெரிந்தது.

அது சோதிக்கிற ஸ்கிரிப்ட் இல்லை. சாவி செய்கிற ஸ்கிரிப்ட்.

விஷயம் என்னவென்றால், சாவி செய்கிற ஸ்கிரிப்டை ஒரு தடவைதான் ஓட்ட வேண்டும். இரண்டாவது தடவை ஓட்டினால் அது புதுச் சாவியைச் செய்து பழைய சாவி இருந்த இடத்தில் வைத்துவிடும். மேடைகளில் தொங்குவதோ பழைய சாவிக்கான பூட்டு; புதுப் பூட்டை மாட்டப் பாஸ்வேர்ட் அடிக்க அங்கே நான் இல்லை. இரண்டு மணிக்கு ஆபீஸ் கம்ப்யூட்டர் புதுச் சாவியைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கும், மூன்று மேடைகளும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இழுத்துப் பார்க்கிறேன் என்று போய்ப் பூட்டையே பிடுங்கி எறிந்துவிட்டேன்.

எனக்கு வேர்த்தது. எல்லோரும் எழுந்தபோது முழங்காலிட்டேன், எல்லோரும் முழங்காலிட்டபோது எழுந்து நின்றேன். மோதிரம் மாற்றும்போது கை தட்டிவிட்டேன், யாரும் தட்டவில்லை. கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்ததைப் பார்த்துப் பின்வரிசைக் கிழவி ஒருத்தி, "பாவம், மாமங்காரனுக்குப் பொண்ணு மேல அம்மாம் பாசம்" என்று பக்கத்துக் கிழவியிடம் சொன்னாள். மனைவி மட்டும் என் காதருகே குனிந்தாள்.

"என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா ஏன் கண்ணு முட்டை மாதிரி இருக்கு?"

பூசை முடிந்து பாண்டு வாத்தியம் முழங்க ஊர்வலம் கிளம்பியது. நான் முன்னால் நடக்க வேண்டியவன். முன்னால்தான் நடந்தேன், பாண்டுக்காரர்களுக்கும் முன்னால், அவர்களே ஓடிவர வேண்டிய வேகத்தில். வழியில் தங்கையின் கொழுந்தனாரைப் பிடித்து, "தம்பி, வண்டி சாவியக் கொஞ்சம் குடு" என்று பைக் சாவியை வாங்கிக்கொண்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அதுவும் கேள்வி கேட்காத சாவி.

மண்டபத்துக்குப் பின்னால் சமையல் நடந்துகொண்டிருந்தது. பிரியாணி அண்டாக்களுக்குப் பின்னால் போய் நின்று ஆபீஸுக்குப் போன் போட்டேன். இப்போது பைக்கை எடுத்தால், இரண்டு மணி தாண்டினாலும், லாரி வரிசை மெயின் ரோட்டைத் தொடுவதற்குள் போய்ப் பாஸ்வேர்ட் அடித்துவிடலாம். ஆனால் இப்போது கிளம்பினால் என் மருமகளை மேடைக்குக் கூட்டிப் போக இலைக்காரர்தான் வருவார்.

"தங்கச்சி, என் கம்ப்யூட்டர் மானிட்டரப் போடு."

"எந்தப் பட்டன்ணே?"

"கீழ, வலது பக்கம், ஓரமா."

"அய்யோ, லைட்டு செவப்பா எரியுதுண்ணே."

"அது அப்படித்தான். அழுத்து."

"அழுத்திட்டேன். எல்லாம் கருப்பா இருக்குதுண்ணே."

"கருப்பாத்தாம்மா இருக்கும். எழுத்து தெரியுதா? கடைசி வரி என்னன்னு பாரு."

சமையல்காரர் கரண்டியோடு வந்தார். "சார், கொஞ்சம் நவுருங்க, தம் ஒடைக்கணும்."

"எனக்கே தம் ஒடஞ்சிகிட்டுதான் இருக்கு," என்று சொல்லிவிட்டு அடுத்த அண்டாவுக்குப் பின்னால் போனேன். "தங்கச்சி, பாத்தியா?"

மறுமுனையில் அவள் எழுத்துக் கூட்டும் முணுமுணுப்பு மட்டும் கேட்டது.

"தங்கச்சி!"

"அண்ணே... இங்கிலீஷ் எழுத்துல தமிழு மாரி எழுதியிருக்குதுண்ணே."

"என்ன எழுதியிருக்கு?"

"நான் எதுவும் தொடலண்ணே. மாதா சத்தியமா. நீங்க போனதுல இருந்து அந்தப் பக்கமே நான் போவலண்ணே."

"நீ தொடலம்மா, நான்தான் தொட்டேன். படி."

"திட்டுற மாரி இருக்குதுண்ணே. எப்படி நான் அத ஒங்ககிட்ட..."

"பரவால்ல, படிம்மா! யார வேணா திட்டட்டும், படி!"

அவள் ஒரு மூச்சு இழுத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரலில் படித்தாள்.

"'டேய் கான்ட்ராக்ட்டு. சாவி ஏற்கெனவே இருக்கு. புதுசு செய்ய மாட்டேன். கைய வச்சிக்கிட்டு சும்மா இருக்க முடியாதா உனக்கு. போய் வேற வேலையப் பாரு.'"

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. அடுத்த நொடியில் அந்தக் குரல் யாருடையது என்று தெரிந்தது. நான்தான். என்னிடமிருந்து எந்திரத்தைக் காப்பாற்ற எழுதிவிட்டு மறந்துபோன வரிகள். சாவி ஏற்கெனவே இருந்தால் எதையும் தொடாதே, திட்டிவிட்டு நின்றுவிடு என்று எழுதியிருந்தேன். இந்த முட்டாள் என்றைக்காவது ஒருநாள் தப்பான கட்டளையை அவசரத்தில் தட்டுவான் என்று, ஒரு புத்திசாலி முன்கூட்டியே கணித்திருந்தான். இரண்டு பேரும் நானே. யாரைப் பார்த்துப் பெருமைப்படுவது, யாரைப் பார்த்து வெட்கப்படுவது என்று தெரியாமல், அண்டாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"அண்ணே, அழுவுறீங்களா?"

"இல்லம்மா. புகை."

சமையல்காரர் என்னைப் பார்த்துவிட்டு, உதவியாளிடம் ஏதோ சொன்னார். காலையிலேயே போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்பதாக இருக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் முழுக்கப் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாவி பத்திரம்தான். ஆனால் நான் எதிரே உட்காராமல் அந்த ஸ்கிரிப்ட் ஒரு தடவைகூட ஓடியதில்லையே? பார்வையாளர் இல்லாவிட்டால் ஓடுமா? பைக் சாவி உள்ளங்கையில் வேர்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் தங்கை பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாணம் மிதிக்காமல் தாண்டித் தாண்டி வந்தாள்.

"அண்ணே! வாசல்ல பொண்ணு நின்னுகினு இருக்கா, நீ இங்க அண்டாவாண்ட இன்னா பண்ணிகினு இருக்க?"

அவள் என் கையில் இருந்த போனைப் பார்த்தாள். இன்னொரு கையைப் பார்த்தாள்.

"இது இன்னா சாவி?"

"வண்டி சாவி."

"போறியா?"

முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். நிச்சயதார்த்தத்தன்று நான் எழுந்துபோனபோதும் இப்படித்தான் பார்த்திருப்பாள். அன்று திரும்பிப் பார்க்கவில்லை என்பதால் எனக்குத் தெரியாமல் போயிற்று.

"போகல," என்றேன். "இந்தா, உன் கொழுந்தன்கிட்ட குடுத்துடு."

சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். "பொட்டி?"

"பெட்டிக்கு நான் வேணாமாம். இப்பதான் திட்டி அனுப்புச்சு."

"நல்ல பொட்டி," என்றாள். "எத்தினி வருசமா நான் திட்டறேன், நீ கேட்டியா?"

வாசலில் மருமகள் வெள்ளைச் சேலையும் முக்காடுமாக நின்றிருந்தாள். மாலையை எடுத்தேன். மாலை முக்காட்டில் மாட்டிக்கொண்டது, முக்காடு ஊசியில் மாட்டிக்கொண்டது, மூன்று பெண்கள் சேர்ந்து எங்களைப் பிரித்தெடுத்தார்கள். "மாமா, ஒரு மாலை போட இவ்வளவு நேரமா?" என்று மருமகள் மெதுவாகக் கேட்டாள். "வயசாச்சுடா கண்ணு" என்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பாண்டு முழங்கியது. மேடை வரைக்கும் இருபக்கமும் சொந்தக்காரர்கள், நடுவில் சிவப்புக் கம்பளம், பக்கத்து நாற்காலியில் இலைக்காரர் வேட்டி சட்டையோடு என்னைப் பார்த்துக் கும்பிட்டார், தன் பதவி போன வருத்தம் கொஞ்சமும் இல்லாமல்.

மேடையில் ஏறி நின்றோம். போட்டோக்காரர், "எல்லாரும் இங்க பாருங்க" என்றார்.

சட்டைப் பையில் போன் ஒரு தடவை துடித்தது. உடனே இன்னொரு தடவை. அப்புறம் மூன்றாவது தடவை.

எடுக்கவில்லை. மருமகளின் கையை விடவும் இல்லை. பந்தியில் உட்கார்ந்து, பிரியாணி சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, இலைக்காரரோடு அரசியல் பேசி, எல்லாம் முடிந்த பிறகுதான் எடுத்துப் பார்த்தேன். கணக்குத் தங்கச்சி மூன்று செய்தி அனுப்பியிருந்தாள். முதல் செய்தியில், ஒன்று வந்துவிட்டது அண்ணே. இரண்டாவதில், இன்னொன்றும் வந்துவிட்டது. மூன்றாவதில், மூன்றும் வந்துவிட்டது, லாரி எல்லாம் கிளம்பிவிட்டது, எனக்குப் பிரியாணி வேண்டும்.

அந்தச் சாவி அப்புறம் எத்தனையோ நாள் ஓடியது. ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் நான் வீட்டில் இருக்க ஆரம்பித்ததும், ப்ளாக்கில் எனக்கு உடம்பு சரியில்லை என்று பேசிக்கொண்டார்கள். அடுத்து வந்த கிறிஸ்துமஸ் பூசைக்குக் கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். அது எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. நான் இல்லாமலே லாரி நகர்கிறது என்பது ஆரம்பத்தில் கொஞ்சம் உறுத்தியது. பிறகு பழகிவிட்டது. நகரவைத்தவன் நான்தானே? ஊர்க்காரர்கள் சிலர் இந்த வேலைக்குச் சென்னையிலிருந்து ஆள் வந்ததா என்று முதலாளியிடம் கேட்பார்கள். "நம்ம கம்ப்யூட்டர் சார்தான்" என்பார் அவர். நான் அந்த நேரத்தில் காது கேட்காதவன் மாதிரி மானிட்டரைத் துடைத்துக்கொண்டிருப்பேன், ஏற்கெனவே துடைத்த மானிட்டரை.

கல்யாண ஆல்பம் தங்கை வீட்டில் இருக்கிறது. யார் போனாலும் காப்பிக்கு முன்னால் அது வரும். மேடைப் படத்தில் மாப்பிள்ளை, பெண், ஃபாதர், மாப்பிள்ளை வீட்டார், என் மனைவி எல்லோரும் கேமராவைப் பார்த்து நிற்கிறார்கள். நான் மட்டும் மருமகளின் கையைப் பிடித்தபடி, தலையைக் குனிந்து என் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாய் காது வரைக்கும் இருக்கிறது.

"பாருங்க," என்று தங்கை விரலை வைத்துக் காட்டுவாள். "பொண்ணுக்கு மாலை போடறப்பக்கூட மூஞ்ச உம்முனு வச்சிக்கினு இருந்தாரு. பாக்கெட்டப் பாத்து இன்னா சிரிப்பு பாருங்க!"

வந்தவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் காப்பியை எடுத்துக்கொள்வேன்.